பச்சை சைக்கிள் கிராணி

பினாங்கில், ஹட்டன் லேனில் குடியிருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்குள் எல்லாத் தகராறும் உண்டு. கோயில் தகராறு, சீதனத் தகராறு, யாருடைய மகன் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் எத்தனை புள்ளி எடுத்தான் என்ற தகராறு. ஆனால் அண்டாத் தகராறு மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. அதற்குக் காரணம் பெயின்ட்.

ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் மற்ற வீடுகளின் அண்டாவும் குடமும் தாம்பாளமும் நாற்காலியும் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். திரும்பி வரும்போது சண்டை வரக்கூடாதென்று வீட்டுக்கு ஒரு நிறம் வைத்திருந்தார்கள். விஸ்வலிங்கம் வீட்டுக்குச் சிவப்பு. ஏரம்பமூர்த்தி வீட்டுக்கு நீலம். விநாசித்தம்பி வீட்டுக்குப் பச்சை. பாத்திரத்தின் அடியில் ஒரு பொட்டு வைத்தால் போதும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். விநாசித்தம்பிக்குப் போதவில்லை.

அவர் அரசாங்கக் கந்தோரில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கந்தோரின் ஜன்னல்களுக்கு வருஷந்தோறும் பச்சை அடிப்பார்கள். வருஷந்தோறும் கொஞ்சம் பெயின்ட் மிஞ்சும். அது எப்படி மிஞ்சியது, எப்படி ஹட்டன் லேன்வரை நடந்து வந்தது என்று கேட்கும் அளவுக்கு நாங்கள் நாகரிகமில்லாதவர்கள் அல்ல. குடையின் பிடி பச்சை ஆயிற்று. டிரங்குப் பெட்டி, அரிக்கேன் விளக்கு, கோழிக்கூடு, செருப்பின் அடி எல்லாம் பச்சை ஆயின. கடைசியில் சைக்கிளைப் பிடித்தார். பார், மட்கார்டு, செயின் கவர், காற்றடிக்கும் பம்ப் ஒன்றையும் விடவில்லை. ரப்பர் என்ற காரணத்தால் டயர் மட்டும் தப்பித்தது.

இதற்கெல்லாம் அவரிடம் ஒரு தத்துவமும் இருந்தது. பெயின்ட் ஓசியில் கிடைத்தால் தத்துவம் தானாக வரும் போலிருக்கிறது.

"மனுசன் பேரை மறப்பான், முகத்தை மறப்பான், வாங்கின கடனையும் மறப்பான். நிறத்தை மட்டும் மறக்கமாட்டான்" என்று சங்கத்து வாசிகசாலையில் அகப்பட்டவர்களையெல்லாம் பிடித்து வைத்துச் சொல்வார். சொன்னதோடு விடமாட்டார். "போன கிழமை எங்கட வீட்டிலை தேத்தண்ணி குடிச்சனீங்கள் அல்லே? கோப்பை என்ன நிறம், சொல்லுங்கோ பாப்பம்" என்று பரீட்சையும் வைப்பார். "பச்சைதானே" என்பார்கள் அவர்கள். விநாசித்தம்பிக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும். கோப்பை வெள்ளை. அவர் மனைவி கனகேஸ்வரி கோப்பைகளின் பக்கம் அந்த பெயின்ட் டின்னை வரவே விடவில்லை. கேட்டவருக்கும் அது ஞாபகமில்லை, சொன்னவருக்கும் ஞாபகமில்லை. தத்துவம் மட்டும் நாளுக்கு நாள் கொழுத்தது.

இப்படி ஊர் முழுவதற்கும் அவர் "பச்சை சைக்கிள் கிராணி" ஆனார். சௌரஸ்தா பசாருக்குப் பக்கத்துச் சுவரோரம் சைக்கிள் பார்த்துக்கொள்ளும் இஸ்மாயில், அவர் தூரத்தில் வரும்போதே ஒரு இடத்தை ஒதுக்கி வைத்துவிடுவான். இஸ்மாயிலிடம் டோக்கன் கிடையாது, சீட்டு கிடையாது. வண்டியைக் கையில் வாங்குவான், சாத்துவான், ஆள் திரும்பி வந்தால் சரியான வண்டியை எடுத்துக் கொடுப்பான். பூட்டுப் போட்டால் அவனுக்குக் கோபம் வரும்.

அப்புறம் ஜப்பான்காரர்கள் வந்தார்கள். ஆசியாவுக்கே விடுதலை வாங்கித் தர வந்தவர்கள் அவர்கள். அந்த விடுதலையைச் சைக்கிள்களிலிருந்து ஆரம்பித்தார்கள். நல்ல சைக்கிள் எதைக் கண்டாலும் உடனே அதை அதன் சொந்தக்காரனிடமிருந்து விடுவித்தார்கள்.

விநாசித்தம்பி அதே கந்தோரில், அதே நாற்காலியில், வேறு ராஜாவுக்குக் கிராணியாகத் தொடர்ந்தார். கந்தோர்க் கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு மாறியதால், சூரியன் எழும்புமுன் அவர் எழும்ப வேண்டியதாயிற்று. காவலில் நிற்கும் சிப்பாய்களுக்கெல்லாம் இடுப்பு வரை குனிந்து கும்பிட வேண்டும். சாயங்காலம் ஜப்பான் பாஷை வகுப்பு வேறு. சைக்கிள் இல்லாமல் இதில் ஒன்றும் நடக்காது. ஆனால் அந்தச் சைக்கிளோ தெருமுனையில் திரும்பும்போதே மறுமுனையில் நிற்கிறவன் கண்ணைக் குத்தியது. ஏரம்பமூர்த்தியின் சைக்கிளைப் பினாங்கு ரோட்டில் நிறுத்தி வாங்கிக்கொண்டு, அவரை வெறுங்காலோடு நடக்க விட்ட செய்தி வந்ததும் விநாசித்தம்பிக்குத் தூக்கம் போயிற்று.

ஒரு சனிக்கிழமை, ரோட்டு வேலைக்காரர்கள் விட்டுப்போன பீப்பாயிலிருந்து கொஞ்சம் தார் வழித்துக்கொண்டு வந்தார். தன் கையாலேயே பச்சை சைக்கிளைக் கறுப்பாக்கினார். பார்த்தால் எருமை மாதிரி இருந்தது. பிச்சைக்காரன்கூட ஏறமாட்டான் என்று கனகேஸ்வரி சொன்னாள். அதுதான் தனக்கு வேண்டும் என்றார் அவர்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விநாசித்தம்பி பசாருக்குப் போனார். வழக்கம்போல் சைக்கிளை இஸ்மாயிலின் கையில் கொடுத்தார். கிழங்குக்காரி சித்தி ஹாஜராவிடம் மரவள்ளிக்கிழங்கு வாங்கினார். அந்த நாளில் சோறு என்பது பேச்சில் மட்டும்தான் இருந்தது. அலாவுதீன் கடையில், காப்பி என்ற பெயரில் வறுத்துப் பொடித்த ஏதோ ஒன்றைக் குடித்தார். வெயில் உச்சிக்கு வந்தபோது திரும்பினார். இஸ்மாயில் நடுப்பகல் தொழுகைக்குப் போயிருந்தான். அந்த நேரத்தில் அவரவர் வண்டியை அவரவரே எடுத்துக்கொள்வது வழக்கம்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். விநாசித்தம்பி இதுவரை தன் சைக்கிளைத் தேடியதே கிடையாது. அந்தப் பச்சைதான் அவர் கண்ணைத் தேடிக்கொண்டு வரும். அன்றைக்கும் சுவரோரம் நின்று பச்சையைத்தான் பார்த்தார். காணவில்லை. உடனே, "ஓ, கறுப்பல்லே" என்று ஞாபகம் வந்தது. முதலில் நின்ற கறுப்பு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வழியில் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. தார் பூசியதில் இப்படியும் ஒரு நன்மை இருக்கிறதா என்று வியந்துகொண்டே வீடு வந்தார்.

கனகேஸ்வரி கிழங்குப் பையை வாங்க வந்தவள் சைக்கிளைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இது ஆற்றை சைக்கிள்?"

"இதென்ன கேள்வி? எங்கடதான். கறுப்பா இருக்குது, தெரியேல்லையே?"

"எங்கட சைக்கிளுக்கு மணி இருக்கோ?"

விநாசித்தம்பி யோசித்தார். காலையும் மாலையும் அதில் ஏறி இறங்கிய மனிதர். "இருக்கும்" என்றார்.

"அது உடைஞ்சு எவ்வளவு காலம்! நீங்கள் வாயாலைதானே 'ஓய் ஓய்' எண்டு கத்திக்கொண்டு வாறனீங்கள். இதிலை மணி இருக்குது. சீற்றைப் பாருங்கோ, புதுத் தோல். எங்கடது கிழிஞ்சு, நான் சாக்குத் துண்டு வைச்சுத் தைச்சது."

"அப்பிடியோ?"

அவள் குனிந்து டயரை அமுக்கினாள். அப்படியே நிமிர்ந்தாள். "இதுக்குள்ளை காத்து இருக்குது" என்றாள், குரலைத் தாழ்த்தி.

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் சைக்கிள்களெல்லாம் அப்போது பழைய ரப்பர்க் குழாயைச் சுற்றிக்கொண்டு கடகடவென்று ஓடின. காற்றடித்த டயர் ஜப்பான்காரனிடம் இருக்கும், அல்லது ஜப்பான்காரனுக்கு மிக வேண்டியவனிடம் இருக்கும். சீட்டுக்குக் கீழே ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அதில் ஜப்பான் எழுத்து இருந்தது. சாயங்கால வகுப்பில் அவ்வளவு நாள் உட்கார்ந்து விநாசித்தம்பி சரியாகப் படித்த எழுத்துகளில் அதுவும் ஒன்று. ராணுவம்.

ராணுவப் போலீஸ் சார்ஜண்ட் ஒருவன் அன்றைக்குப் பசாருக்கு வந்திருந்தான். சைக்கிளை இஸ்மாயிலின் சுவரில் வீசிவிட்டுப் போயிருந்தான். அவன் பூட்டவில்லை. அவன் சைக்கிளைத் திருடும் அளவுக்கு உயிர் வெறுத்தவன் பினாங்கில் யார் இருக்கிறான்?

வண்டியை எங்கே ஒளிப்பது என்று இவர் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே ஓடிவந்தாள். அவள் இஸ்மாயிலின் மனைவி ஹமீதா.

"கிராணியண்ணே, அவங்களப் புடிச்சிட்டுப் போயிட்டாங்கண்ணே! சார்ஜண்டோட சைக்கிளைக் காணோமாம். தொழுதுட்டு வர்றதுக்குள்ள எவனோ படுபாவி எடுத்துட்டுப் போயிட்டான். யாரு எடுத்தான்னு கேட்டுக் கேட்டு அடிக்கிறாங்களாம்."

படுபாவி அந்தச் சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்குத்தான் ஜப்பான் பாஷை தெரியுமே. வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. ராத்திரிக்குள்ள வண்டி வரலேன்னா வெட்டிடுவேங்கிறானாம்." அவள் சைக்கிளுக்குப் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்து அழுதாள். முந்தானை முன் சக்கரத்தில் உரசியது. "உங்க வண்டி பச்சையா இருந்தது நல்லதாப் போச்சுண்ணே. இல்லேன்னா உங்களயும்ல சந்தேகப்படுவானுங்க" என்று ஆறுதலும் சொன்னாள்.

விநாசித்தம்பிக்குத் தெரிந்த ஜப்பான் பாஷை காலை வணக்கம் சொல்லவும், கடிதம் வந்துவிட்டது என்று அறிவிக்கவும் போதுமானது. ஆளைக் காப்பாற்றும் பாடம் இன்னும் நடத்தப்படவில்லை. "இரு, வாறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கனகேஸ்வரியும் பின்னாலேயே போனாள்.

உள்ளே அவர் மூளை வேகமாக வேலை செய்தது. சைக்கிளைக் கொண்டுபோய்க் கடலில் போட்டுவிடலாம். துறைமுகத்தில் காவல் இருக்கிறது. பசாருக்கே கொண்டுபோய் ஓசைப்படாமல் சாத்திவிடலாம். அங்கே இப்போது சிப்பாய் நிற்பான். துண்டு துண்டாகக் கழற்றிக் கோழிக்கூட்டுக்கு அடியில் புதைக்கலாம். ஒவ்வொரு யோசனையிலும் அவர் தப்பினார். ஒன்றிலும் இஸ்மாயில் தப்பவில்லை. அதை அவரும் கவனித்திருக்க வேண்டும், ஏனென்றால் குரல் வரவரக் கம்மிக்கொண்டே போயிற்று.

கனகேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நீங்கள் போறியளோ, நான் உருட்டிக்கொண்டு போகட்டோ?"

அவர் கோட்டை எடுத்து மாட்டினார். பொத்தான் போட முடியாமல் கை நடுங்கியது. அவள்தான் போட்டுவிட்டாள். இவரைப் பற்றி இதுவரை எவ்வளவோ கிண்டல் செய்துவிட்டேன், இனியும் செய்வேன். ஆனால் அந்த நடுக்கத்தோடு அவர் வாசலுக்கு வந்ததைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்த ராணுவப் போலீஸ் கட்டடத்துக்குத் தானாக நடந்து போனவர்கள் பினாங்கில் மிகக் கொஞ்சம்.

"ஹமீதா, அந்தச் சைக்கிள் இதுதான். மாறி எடுத்தது நான்" என்றார்.

ஹமீதா சைக்கிளைப் பார்த்தாள். அப்போதுதான் முதல் தடவையாக அதைப் பார்த்தாள் என்று சொல்லவேண்டும். பிறகு அவரைப் பார்த்தாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே பின்னால் போனார்.

வாசலில் நின்ற சிப்பாய்க்குக் கும்பிட்டார். உள்ளே நின்ற சிப்பாய்க்குக் கும்பிட்டார். பதற்றத்தில் ஒரு மர அலமாரிக்கும் கும்பிட்டதாகக் கேள்வி. ஹமீதாவை வெளியே நிறுத்திவிட்டார்கள். சார்ஜண்ட் வந்தான். சைக்கிளை முன்னாலிருந்து பார்த்தான், பின்னாலிருந்து பார்த்தான். பாதி உலகத்தைப் பிடித்தவனுக்கும் அது தன் சைக்கிள்தானா என்று சந்தேகம். கடைசியில் குனிந்து சீட்டுக்கு அடியில் இருந்த தகட்டைப் படித்தபிறகுதான் உறுமினான்.

மொழிபெயர்க்க ஒருவன் இருந்தான். அவன் மூலம் விநாசித்தம்பி நடந்ததைச் சொன்னார். என் வண்டியும் கறுப்பு, அதனால் மாறிவிட்டது, சைக்கிள் பார்க்கிறவன்மேல் ஒரு பிழையும் இல்லை, அங்கே மிஞ்சி நிற்கும் தார் பூசிய வண்டிதான் என்னுடையது. அந்த எருமையையும் பசாரிலிருந்து கொண்டுவந்து மூலையில் நிறுத்தியிருந்தார்கள்.

சார்ஜண்ட் நியாயமான மனிதன். வெட்டுவதற்கு முன்னால் விசாரிப்பான். பசாருக்கு ஆள் அனுப்பி அலாவுதீனையும் சித்தி ஹாஜராவையும் கொண்டுவரச் செய்தான். இவன் இன்றைக்கு எந்தச் சைக்கிளில் வந்தான் என்று கேட்டான்.

"பச்சை சைக்கிள், துவான்" என்றான் அலாவுதீன் யோசிக்காமல். "இன்னிக்குக் காலையிலகூடப் பார்த்தேனே. வெயில் பட்டுப் பளபளன்னு வந்துச்சு."

"பச்சைதான் துவான்" என்றாள் சித்தி ஹாஜரா. "கிழங்குப் பையை அந்தப் பச்சை ஹேண்டில்லதான் மாட்டினாங்க. என் கண்ணால பார்த்தேன் லா."

பை கடைசிவரை அவர் கையில்தான் இருந்தது. ஆனால் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வருஷக்கணக்காகப் பார்த்த பச்சை அவர்கள் கண்ணில் அப்பிக்கொண்டு கிடந்தது. ஒரு காலை நேரத்துக் கறுப்பு அதை என்ன செய்துவிட முடியும்? கிராணிக்கு உதவி செய்கிறோம் என்ற திருப்தியோடு இருவரும் அவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள். விநாசித்தம்பியின் தத்துவம் இவ்வளவு சிறப்பாக வேறெங்கும் நிரூபிக்கப்பட்டதில்லை.

பிறகு இஸ்மாயிலைக் கொண்டுவந்தார்கள். ஒரு கண் மூடிக்கிடந்தது. உதடு கிழிந்து வீங்கியிருந்தது. விநாசித்தம்பிக்கு அவனை அடையாளம் காணவே ஒரு நிமிஷம் பிடித்தது.

"இஸ்மாயில், காலமை உங்கட கையிலைதானே தந்தனான்! கறுப்பு எண்டு சொல்லுங்கோ!"

இஸ்மாயில் அவர் பக்கமே திரும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கிராணி வண்டி பச்சை, துவான். ஊருக்கே தெரியும். கறுப்பு வண்டி அவங்ககிட்ட கிடையாது."

சார்ஜண்டுக்குக் கணக்குச் சரியாகிவிட்டது. பச்சை வண்டிக்காரன் கறுப்பு வண்டியை மாறி எடுக்க முடியாது. ஆகவே தெரிந்தே எடுத்திருக்கிறான். பயம் வந்ததும் கதை கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். இடுப்பு வாளில் கை வைத்தபடி, "அப்படியானால் உன் பச்சை சைக்கிள் எங்கே?" என்று கேட்டான்.

விநாசித்தம்பி மூலையில் நின்ற எருமையைக் காட்டினார். மொழிபெயர்த்தவனே சிரித்துவிட்டான்.

விநாசித்தம்பி ஓடிப்போய் அந்தச் சைக்கிளின் முன்னால் மண்டியிட்டு நகத்தால் சுரண்டத் தொடங்கினார். எருமை மாதிரி இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டுத் தடவிய தார், லேசில் வருமா? விரல் நுனியில் ரத்தம் வந்தது. பொத்தானைப் பிய்த்து அதன் விளிம்பால் சுரண்டினார். சிப்பாய்கள் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் பாரின்மேல் ஒரு வெற்றிலைக் கிள்ளல் அளவுக்கு அந்தப் பச்சை எட்டிப் பார்த்தது.

"நான் சொல்லல? பச்சை!" என்று கூவினான் அலாவுதீன், பரம சந்தோஷத்துடன்.

சார்ஜண்ட் குனிந்து பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும், ராணுவத்தின் கண்ணில் மண் தூவ நிறத்தை மாற்றியதற்காக விநாசித்தம்பியை இரண்டு கன்னத்திலும் அறைந்தான். அவருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டான். திருட்டே நடக்கவில்லை என்று ஆனபிறகு யாரையும் வைத்திருக்க அவசியமில்லை என்று எல்லாரையும் வெளியே தள்ளச் சொன்னான். விடுதலை என்பதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எங்கள் கிராணிக்குப் புரிந்திருக்கும்.

அலாவுதீனும் சித்தி ஹாஜராவும் திரும்பிப் பார்க்காமல் பசார் பக்கம் ஓடினார்கள். ஹமீதா இஸ்மாயிலை ஒரு பக்கம் தாங்கிக்கொண்டாள். மூன்று பேரும் பினாங்கு ரோட்டில் நடந்தார்கள். கட்டடம் கண்ணுக்கு மறைந்ததும் விநாசித்தம்பிக்குக் கோபம் வந்தது. உயிர் பிழைத்த மனிதனுக்கு முதலில் வருவது அதுதான் போலும்.

"இவ்வளவு வருசமாப் பச்சையைப் பாத்தனீங்கள், அது விளங்குது" என்றார், எரியும் கன்னத்தைத் தடவிக்கொண்டு. "மனுசன் நிறத்தை மறக்கமாட்டான் எண்டு நானே சொல்லுறனான். ஆனால் இண்டைக்குக் கையிலை வாங்கி வைச்ச வண்டி கறுப்பு எண்டதுகூட உங்களுக்கு ஞாபகம் வரேல்லையே இஸ்மாயில்? என்ரை தலையல்லே போகப் பாத்தது!"

இஸ்மாயில் நின்றான். ரத்தத்தைத் துப்பினான்.

"ஞாபகம் வராம என்னண்ணே? கறுப்புதான். வாங்கும்போதே கையெல்லாம் ஒட்டிச்சு. தொழுதுட்டு வந்து பார்க்கிறேன், உங்க வண்டி நிக்குது, அவன் வண்டி இல்ல. மாத்தி எடுத்தது நீங்கதான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"பிறகேன் பச்சை எண்டு சொன்னனீங்கள்?"

"மிஞ்சி நிக்கிற தார் வண்டி யாரோடதுன்னு கேட்டானுங்க. உங்களோடதுன்னு சொல்லியிருந்தா நேரா உங்க வீட்டுக்குல்ல வந்திருப்பானுங்க? முதல் அடிக்கே, கிராணி வண்டி பச்சைன்னுட்டேன். அப்புறம் மாத்தினா ரெண்டு பேரையும் வெட்டுவான்." அவன் குரல் உடைந்தது. அழுகை இல்லை, ஆத்திரம். "ரெண்டு பல்லைக் குடுத்து உங்களை வெளியில வச்சிருந்தேன் லா! நீங்க என்னடான்னா அதே சைக்கிளைத் தள்ளிக்கிட்டு உள்ளாற வந்து நிக்கிறீங்க! பெரிய கிராணியாம்!"

விநாசித்தம்பி நடுரோட்டில் அப்படியே நின்றார். கோட்டு, பொத்தான் இல்லாமல் ஒரு பக்கம் தொங்க, சின்னப் பிள்ளைபோல் ஏங்கி ஏங்கி அழுதார்.

"அழுதது போதும்ணே" என்றாள் ஹமீதா. "அந்தப் பக்கம் வந்து புடிங்க. என்னால தனியாத் தூக்க முடியல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், இஸ்மாயிலின் மற்றக் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.